இரண்டு லிட்டர் வித்தியாசம்

எனக்குக் கணக்கு வராது. அதனால்தான் பி.காம். சேர்ந்தேன்.

பி.எஸ்ஸி. கணிதம் கேட்டால் காலேஜில் தரமாட்டார்கள். பி.ஏ. தமிழ் கேட்டால் அப்பா விடமாட்டார். நடுவில் காலியாக இருந்தது பி.காம். உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே பாடம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரயல் பேலன்ஸ் போடுகிறீர்கள். பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. எங்கே தப்பு என்று தெரியவில்லை. மணி இரவு பதினொன்று, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. உடனே என்ன செய்யலாம் என்றால், அந்த வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ்' என்று ஒரு தலைப்பில் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தாற்காலிகமாக ரெண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடலாம். எவ்வளவு மனிதாபிமானமுள்ள ஏற்பாடு! கண்டுபிடித்த மகான் என்னை மாதிரி ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்து நாலு வருஷம் கணக்குப்பிள்ளை. கால்குலேட்டரைக் கையால் தொடமாட்டார். தாத்தா சொல்லிக்கொடுத்த மாகாணி வாய்ப்பாடு வரைக்கும் நாக்கு நுனியில் வைத்திருப்பார். காய்கறிக்காரம்மா கூட்டிச் சொல்வதற்குள் இவர் சில்லறையை எண்ணி நீட்டிவிடுவார்.

2007-ஆம் வருஷம் காலேஜ் லீவில் மில்லுக்கு உதவிக்குப் போனேன். வாரக் கடைசியில் ரொக்கத்தில் 240 ரூபாய் கூடுதலாக இருந்தது. குறைந்தால்தானே கவலை, கூடினால் என்ன என்று, படித்த வித்தையைக் காட்டி, சஸ்பென்ஸில் போட்டுவிட்டேன். அப்பா பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் என்னை எழுப்பினார்.

"மூட்டை தூக்குறவங்கள்ல ஒருத்தருக்கு ரெண்டு நாள் கூலி விட்டுப்போச்சு. போய்க் கொடுத்துட்டு வா."

சைக்கிளை எடுத்தபோது பின்னாலேயே வந்தார். "வித்தியாசம்னு தனியா ஒண்ணு கிடையாதுடா. அது எங்கேயோ, யார்கிட்டயோ இருக்கு. தேடணும்."

பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்த வித்தியாசம் அவர் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவரே நினைத்திருக்கமாட்டார்.

2019-இல் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. ராத்திரியில் ஐந்து தடவை, ஆறு தடவை எழுந்து போவார். போனவர் வர இருபது நிமிஷம் ஆகும். "வயசானா அப்படித்தான்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் வரும் நேரத்துக்கு, ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. வேட்டி சட்டையோடு நேரே டவுன் ஆஸ்பத்திரி. புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர்ப் பாதையை நெரிக்கிறது என்றார்கள்.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். வயிற்றைக் கிழிக்கப்போவதில்லை. சிறுநீர் வருகிற வழியாகவே ஒரு குழாயை உள்ளே விடுவார்கள். அதன் நுனியில் கரண்டு பாய்கிற கம்பி வளையம். அதை வைத்துப் பெருத்த சதையைத் துண்டு துண்டாகச் செதுக்கி எடுப்பார்கள். ரத்தம் கசிந்தால் உள்ளே ஒன்றும் தெரியாதே? அதற்காகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார்களாம்.

"தண்ணிதானே, கத்தி இல்லையே" என்று அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி. அப்பா முழித்துக்கொண்டுதான் இருப்பார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். அது பொழுதுபோக்குக்கு இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

"கணக்குப்பிள்ளைம்மா."

"எனக்கு வாய்ப்பாடே வராது ஐயா."

விடுவாரா? மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, நாலு மாகாணி கால், எட்டு மாகாணி அரை என்று மல்லாந்து படுத்தபடியே பாடம் நடத்தியிருக்கிறார். தியேட்டரில் எல்லோருக்கும் சிரிப்பு.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்பா கொட்டாவி விட்டார். குமட்டுது என்றார். கையை உதறினார். டாக்டரம்மா, "ஐயா, நாலு மாகாணி எவ்வளவு?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

கொஞ்சம் பொறுத்து அப்பா கேட்டாராம்: "ஏம்மா லைட்டை அணைச்சுட்டீங்க?"

லைட்டை யாரும் அணைக்கவில்லை. ஆபரேஷன் விளக்கு அத்தனையும் எரிந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா உடனே, "சார், நிறுத்திக்குங்க" என்றிருக்கிறார். ரத்தம் கசிகிற இடத்தைச் சுட்டு அடைத்துவிட்டு, மிச்சச் சதையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். ரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள். 135-க்கு மேலே இருக்க வேண்டும். காலையில் 138 இருந்தது, இப்போது 121. அப்பா ஐ.சி.யூ.வுக்குப் போனார். நாங்கள் வராந்தாவுக்குப் போனோம்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி: "கண்ணு வந்துடுமாடா?" எனக்கு எதுவும் தெரியாது. "வந்துடும்மா" என்றேன். அதுவும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான்.

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "தம்பி, மொத்தம் 16 லிட்டர் உள்ளே விட்டிருக்கோம். வாளியிலே வந்து சேர்ந்தது சுமார் 14 லிட்டர். மிச்சம் ரெண்டு லிட்டர் எங்கே போச்சு?"

பி.காம். படித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! "கீழே சிந்தியிருக்குமோ?" என்றேன்.

"கொஞ்சம் சிந்தியிருக்கும். மிச்சம் அப்பா ரத்தத்திலே இருக்கு."

புராஸ்டேட்டைச் செதுக்கும்போது அங்கே இருக்கிற சிரைகள் வாயைத் திறந்துகொள்கின்றன. வெளியிலிருந்து அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறது. சும்மா இருக்குமா? திறந்த வாய் வழியாக ரத்தத்துக்குள் போய்விடுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 20 மில்லி போவது சாதாரணம். பெரிய சிரை ஏதாவது திறந்துவிட்டால் இன்னும் அதிகம். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். மொட்டைமாடியில் தொட்டியை உயரத்தில் வைத்தால் கீழே குழாயில் தண்ணீர் சீறுகிறதல்லவா, அதே சங்கதிதான் இங்கேயும். அதனால் தண்ணீர்ப் பையை 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் மாட்டுவதில்லை என்றார். இவ்வளவு ஜாக்கிரதைக்கும் தப்பிச் சில பேருக்கு இப்படி ஆகிவிடுகிறது. அதில் ஒருத்தர் எங்கள் அப்பா.

"உள்ளே போன தண்ணி ரத்தத்திலே இருக்கிற உப்பை நீர்க்க வைக்கும். ரசத்திலே ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா உப்புச் சப்பில்லாம போகுமே, அது மாதிரி. அப்போ மூளையிலே இருக்கிற செல்லெல்லாம் தண்ணியை இழுத்துக்கிட்டு வீங்கும். குமட்டல், பதற்றம், குழப்பம். கவனிக்காம விட்டா வலிப்பு, நினைவு தப்பறது, உயிருக்கே ஆபத்து. முழு மயக்கம் கொடுத்திருந்தா அப்பா பேசியிருக்கவே மாட்டார், தெரிஞ்சிருக்கவும் செய்யாது. வாய்ப்பாடு தப்பினதுதான் எங்களுக்கு மணி அடிச்சது."

"உப்புத் தண்ணியே விட்டிருக்கலாமே டாக்டர்?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவரோ, "நல்ல கேள்வி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உப்புத் தண்ணீரில் கரண்டு பாயும். கம்பி வளையத்துக்கு வரவேண்டிய கரண்டு தண்ணீரிலேயே சிதறிப்போய்விட்டால் சதையை வெட்டாது. அதனால் பழைய காலத்தில் சுத்தமான தண்ணீரையே விட்டார்கள். கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் ஊறி வெடித்துவிடும். அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த கிரீவி என்கிற டாக்டர் 1947-இல் இதை எடுத்துச் சொன்னார். மறு வருஷமே, 1948-இல், மிச்சிகனில் நெஸ்பிட், கிளிக்மேன் என்ற இருவர் தண்ணீரில் கிளைசின் கலந்து பயன்படுத்துவதைப் பற்றி எழுதினார்கள். கிளைசின் ஓர் அமினோ அமிலம். கரண்டையும் கடத்தாது, அணுக்களையும் வெடிக்க விடாது. நூறு மில்லிக்கு ஒன்றரை கிராம் கலக்கிறார்கள். அதுவும் ரத்தத்தைவிட நீர்த்ததுதான். ரத்தத்தின் அடர்த்தியை 290 என்று வைத்துக்கொண்டால் இது சுமார் 200. அதிகமாக உள்ளே போனால் கிளைசினே கண் நரம்புகளின் செய்தியை மறித்துக் கொஞ்ச நேரத்துக்குப் பார்வையை மங்க வைக்கும்.

"ஒரு நாளுக்குள்ளே திரும்பிடும். அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் இருபத்து நாலு மணி நேரமாக இல்லை.

தேங்கிய தண்ணீர் சிறுநீராக வெளியேற ஊசி போட்டார்கள். அடர்த்தியான உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். "சீக்கிரமா ஏத்தக்கூடாதா?" என்று அம்மா அவசரப்பட்டார். கூடாதாம். குறைந்த உப்பை ஒரேயடியாக ஏற்றினால் அதுவும் மூளைக்குக் கேடு. கடனை நிதானமாகத்தான் அடைக்க வேண்டும்.

ராத்திரி எட்டு மணிக்கு, "யாரோ நிழலாட்டம் தெரியுது" என்றார் அப்பா. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். விடிகாலையில் என்னை உள்ளே விட்டார்கள். சோடியம் 130-ஐத் தொட்டிருந்தது. கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அப்பா, நாலு மாகாணி எவ்வளவு?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆமாம், பார்த்தார். "கால். இது தெரியாமலா பி.காம். பாஸ் பண்ணினே?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த நாள் வார்டுக்கு மாற்றினார்கள். இப்போது வேறு விதமான கழுவல். மூன்று வாய் உள்ள டியூப். ஒரு வாய் உள்ளே பலூனை ஊதி நிறுத்த. இன்னொன்று வழியாகச் சாதாரண உப்புத் தண்ணீர் மூத்திரப்பைக்குள் போகும். மற்றொன்று வழியாக ரத்தக் கசிவோடு வெளியே வரும். இங்கே கரண்டு இல்லாததால் உப்புத் தண்ணீருக்குத் தடையில்லை. ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வயதான சிஸ்டர் ஒருத்தர் என் கையில் ஓர் அட்டையையும் பேனாவையும் கொடுத்தார். "தம்பி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவுன்னு நீங்களும் எழுதிக்கிட்டு வாங்க. நான் வந்து வந்து பார்ப்பேன். வெளியே வர்றது எப்பவும் கூடவே இருக்கணும். கூட இருக்கிறதுதான் அப்பாவோட சொந்த மூத்திரம்."

வரவு, செலவு, இருப்பு. தலைவிதி என்னை விடாது போலிருக்கிறது.

பத்து மணி முதல் பன்னிரண்டு வரை: உள்ளே 1000 மில்லி, வெளியே 1150. சரி. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். உள்ளே 1000. வெளியே 650.

மறுபடி பார்த்தேன். 650-தான். தூக்கக் கலக்கத்தில் முன்னாலேயே கொஞ்சம் கொட்டிவிட்டோமோ? பையில் இருந்த கோட்டைத் தப்பாகப் படித்துவிட்டோமோ? சிஸ்டரைக் கூப்பிட்டால், 'ஒரு அட்டை எழுதத் தெரியலையா' என்று நினைப்பாரே? பேனாவை எடுத்தேன். 1050 என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது.

'10' வரைக்கும் எழுதிவிட்டேன்.

அப்பா தூக்கத்தில் முனகினார். கை அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த 240 ரூபாய் ஞாபகம் வந்தது. அது எங்கேயோ, யார்கிட்டயோ இருக்கு.

'10'-ஐ அடித்தேன். 650 என்று எழுதினேன். வராந்தாவில் ஓடினேன்.

சிஸ்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. உள்ளே போகிற தண்ணீரை நிறுத்தினார். பெரிய ஊசிக்குழாயில் உப்புத் தண்ணீர் எடுத்து டியூப்பில் ஏற்றி இறக்கினார். மூன்றாவது தடவை, நாவல்பழத் தோல் மாதிரி கறுத்த ரத்தக்கட்டிகள் வந்து விழுந்தன. பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"நல்லவேளை கூப்பிட்டீங்க. இப்படியே போய்க்கிட்டே இருந்தா உள்ளே ஊதிப்போகும். வலி உயிர் போயிடும், ரத்தம் மறுபடி பிடிச்சுக்கும்" என்றார். "கணக்கு எழுதச் சொன்னா சில பேர் அவங்களே சரி பண்ணி எழுதிடறாங்க தம்பி."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் இதைப் பற்றி யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்கிறேன். இப்போது புது மாதிரிக் கருவிகள் வந்திருக்கின்றன. கரண்டு நுனியிலேயே போய் நுனியிலேயே திரும்பிவிடுகிறது. லேசரும் இருக்கிறது. இவற்றுக்குச் சாதாரண உப்புத் தண்ணீரே போதும் என்பதால் சோடியம் சரிகிற பயம் பெரும்பாலும் போய்விட்டது. அதற்காக அளக்காமல் விட முடியாது. உப்புத் தண்ணீரும் லிட்டர் கணக்கில் ரத்தத்தில் சேர்ந்தால் இதயம் திணறும், நுரையீரலில் நீர் கோக்கும். கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுச் செய்கிற ஆபரேஷனிலும் இதே கதைதான். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். நீர்த்த கரைசல் என்றால் ஒரு லிட்டர், உப்புத் தண்ணீர் என்றால் இரண்டரை லிட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வயசானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

ஸ்வீடனில் ஆராய்ச்சி செய்தவர்கள் இன்னொரு வழியும் பார்த்திருக்கிறார்கள். கழுவுகிற தண்ணீரில் துளி ஆல்கஹால் கலந்துவிட்டு, நோயாளியை அடிக்கடி ஊதச் சொல்வது. மூச்சில் ஆல்கஹால் வந்தால் தண்ணீர் ரத்தத்துக்குள் போகிறது என்று அர்த்தம். வாழ்நாளில் சுருட்டுகூடத் தொடாத எங்கள் அப்பாவை ஆபரேஷன் டேபிளில் வைத்து, போலீஸ்காரர் மாதிரி 'ஊதுய்யா' என்று சொல்லியிருந்தால்? நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு பில் வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கிளைசின் மூணு லிட்டர் பை ஆறுன்னு போட்டிருக்கான். பதினெட்டாச்சு. நீ பதினாறுதான் உள்ளே போச்சுன்னே. ரெண்டு லிட்டர் இடிக்குதே?"

விசாரித்தேன். ஆறாவது பையைப் பிரித்துக் கொஞ்சம்தான் போயிருந்தது. மிச்சம் பையிலேயே நின்றுவிட்டது.

"ம். பையிலே ரெண்டு. வாளியிலே பதினாலு. எங்கிட்டே ரெண்டு. பதினெட்டு. சரி, பணத்தைக் கட்டு" என்றார். தன் உடம்பையும் ஒரு தலைப்பாகப் போட்டு ஐந்தொகையை முடித்துவிட்டார்.

அப்புறம் அந்த அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு மணி வரியில் கண் நின்றது.

"என்னடா இது, அடிச்சு எழுதியிருக்கே?"

சொல்லிவிட்டேன். '10' எழுதினது, ஏன் எழுதினது, ஏன் அடிச்சது, எல்லாம். அம்மா துணிகளைப் பையில் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அடிச்சு எழுதினா பக்கத்துல கையெழுத்துப் போடணும். அதுகூடச் சொல்லித்தரலையா உங்க காலேஜ்ல?"

போட்டேன்.